எதிரிக்கு என்ன தெரியும்?

ராணுவத் துப்பாக்கி விளையாட்டுகளில் கணினி இயக்கும் வீரனோடு மோதுவதை ஓர் ஒத்திகையாகத்தான் பலரும் பார்க்கிறார்கள். முதலில் பாட் எனப்படும் இந்தக் கணினி வீரர்களைச் சுட்டுக் கை பழகிக்கொள், பிறகு இணையத்தில் ஆட்களோடு மோதப் போ என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட வரிசை. நான் அந்த வரிசையில் நிற்கவில்லை. ஆர்மா 3 விளையாட்டைப் பல ஆண்டுகளாகக் கணினி வீரர்களோடு மட்டுமே ஆடி வருகிறேன். இது தனியாகவே கற்றுத் தேர வேண்டிய ஒரு வித்தை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆளோடு ஆள் மோதும்போது பெரும்பாலும் கை வேகம்தான் பேசும். யார் முதலில் குறிவைத்தார், யாருடைய இணைய இணைப்பு வேகமானது, யார் அந்த மேப்பில் அதிக நேரம் பழகியிருக்கிறார் என்பதில் பாதி ஆட்டம் முடிந்துவிடும். கணினி வீரனிடம் கை வேகத்தைக் காட்டுவதில் பொருளே இல்லை. அவனை உருவாக்கியவர்கள் நினைத்திருந்தால் ஒவ்வொரு குண்டையும் நம் நெற்றியில் இறக்கியிருக்கலாம். கணினிக்கு அது மிகச் சுலபமான கணக்கு. அவன் கை நடுங்குவதும், திரும்பிப் பார்க்க நேரம் எடுத்துக்கொள்வதும், புதருக்குள் கிடப்பவனைக் காணாமல் கடந்து போவதும் யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்த குறைகள். அந்தக் குறைகளால்தான் அவன் மனிதச் சாயல் பெறுகிறான். ஆட்டமும் அங்கேதான் தொடங்குகிறது. இந்த நொடியில் என்னைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? இந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் நான் சொல்லும் வித்தை.

இந்தக் கேள்வியைக் கேட்க வைத்த விளையாட்டுகளின் பரம்பரை செக் நாட்டில் தொடங்கியது. பிராகா நகரின் பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2001இல் ஆபரேஷன் ஃபிளாஷ்பாயிண்ட் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1998இல் வந்த ஹாஃப்-லைஃப், புத்தியுள்ளவர்கள் போல நடந்துகொள்ளும் எதிரி வீரர்களைக் காட்டியிருந்தது. ஆனால் அந்தச் சண்டைகள் கட்டடங்களுக்குள்ளும் நடைகூடங்களிலும் நடந்தவை. ஃபிளாஷ்பாயிண்டில் ஒரு முழுத் தீவு கண்ணெதிரே விரிந்து கிடந்தது. எதிரி கதவுக்குப் பின்னால் நமக்காகக் காத்திருக்கவில்லை. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவன் தன் ரோந்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரே குண்டில் நாம் சாகலாம். பெரும்பாலும் அந்தக் குண்டு எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் சாவோம். அதே தொழில்நுட்பத்திலிருந்து ராணுவங்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தும் விபிஎஸ் என்ற மென்பொருளும் வளர்ந்தது. அமெரிக்க மரைன் படையும் ஆஸ்திரேலிய ராணுவமும் அதைப் பயன்படுத்தியிருக்கின்றன. இன்னொரு கிளையில் 2006இல் ஆர்மா, 2009இல் ஆர்மா 2, 2013 செப்டம்பர் 12 அன்று ஆர்மா 3 என்று விளையாட்டுகள் வந்தன.

ஆர்மா 3இன் பெரிய களமான அல்டிஸ், ஏஜியன் கடலில் இருக்கும் கிரேக்கத் தீவான லெம்னோஸைப் பார்த்துச் செய்தது. விளையாட்டில் அதன் பரப்பு சுமார் 270 சதுர கிலோமீட்டர். 2012இல் அந்தத் தீவுக்குப் போன நிறுவனத்து ஊழியர்கள் இருவரை, ராணுவ இடங்களைப் படம் பிடித்ததாகச் சொல்லி உளவுக் குற்றச்சாட்டில் கிரேக்கப் போலீஸ் கைது செய்தது. 2013 ஜனவரியில்தான் அவர்களுக்கு ஜாமீன் கிடைத்தது. அந்தத் தீவின் காய்ந்த புல்லும் கல்லடுக்குச் சுவர்களும் ஆலிவ் தோப்புகளும் இப்போது எனக்கு மனப்பாடம். எந்தச் சுவரின் பின்னால் படுத்தால் தலை தெரியாது, எந்தச் சரிவில் நின்றால் வானத்தை ஒட்டி உருவம் தனித்துத் தெரியும் என்பதெல்லாம் ஆடுபவனின் உடம்பில் ஏற வேண்டிய பாடங்கள்.

எதிரியின் அறிவு அங்கே எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆர்மாவில் எதிரிக் குழு நம்மைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதை நிரல் ஓர் எண்ணாகக் கணக்கிடுகிறது. அது சுழியத்திலிருந்து 4 வரை போகும். சுழியம் என்றால் நாம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. 4 என்றால் தெரிய வேண்டியது எல்லாம் தெரியும். நடுவில் இருக்கும் படிகள்தான் சுவையானவை. ஏதோ இருக்கிறது, ஏதோ அசைகிறது, அது ஒரு மனிதன், அவன் எதிரி. இந்தப் படிகளில் அவர்கள் ஏறும் வேகத்தைப் பல விஷயங்கள் தீர்மானிக்கின்றன. எவ்வளவு தூரம், எவ்வளவு வெளிச்சம், நிற்கிறோமா, குனிந்திருக்கிறோமா, படுத்திருக்கிறோமா, நகர்கிறோமா, குறுக்கே செடி கொடி இருக்கிறதா. கண்ணுக்குப் போலவே காதுக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு வகைத் தோட்டாவுக்கும் சுடும்போது எவ்வளவு கண்ணில் படும், எவ்வளவு காதில் விழும் என்று தனித்தனி மதிப்புகள் எழுதியிருக்கிறார்கள். சைலன்ஸர் மாட்டினால் அந்த மதிப்புகள் குறையும். முற்றிலும் மறைந்துபோவதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. நான் நிற்கும் இடமும், நான் நிற்பதாக எதிரி நம்பும் இடமும் நிரலுக்குள் வேறு வேறு. அவன் கண்ணில் நான் பட்டுக்கொண்டிருக்கும்வரை இரண்டும் ஒன்றாக இருக்கும். நான் சுவருக்குப் பின்னால் மறைந்த நொடியில் இரண்டும் பிரியத் தொடங்கும். அவன் கடைசியாகப் பார்த்த இடத்தையே நம்பிக்கொண்டிருப்பான். அந்த இடத்தை நோக்கிச் சுடுவான், அந்த இடத்தைச் சுற்றி வளைப்பான். நேரம் போகப் போக அவனுடைய கணிப்பு மங்கும். ஆர்மாவில் நான் கற்ற அத்தனை நுணுக்கங்களும் இந்த ஒரு பிளவிலிருந்து வந்தவைதான்.

இதைப் பழக ஒரு நல்ல வழி இருக்கிறது. விளையாட்டோடு வரும், களத்தை நாமே அமைத்துக்கொள்ள உதவும் ஈடன் எடிட்டரில் நாலு பேர் கொண்ட ஒரு ரோந்துக் குழுவை வைத்து, அவர்களுடைய அறிவின் எண் திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்படி ஒரு சிறு வரியை எழுதிவிடலாம். பிறகு துப்பாக்கியை மறந்துவிட்டுப் புதருக்குள் படுத்து அந்த எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். அவர்கள் நம் பக்கம் முகம் திருப்பியும் எண் அசையாமல் சுழியத்திலேயே நிற்கும்போது மூச்சு தானாக அடங்கும். எழுந்து பத்தடி ஓடினால் எண் எகிறும். மறுபடி படுத்துக்கொண்டால் சட்டென்று இறங்காது. கற்றதை அவர்கள் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. இப்படிப் படுத்துக் கிடந்த பொழுதுகளில் நான் கற்றது, சுட்டுத் திரிந்த பொழுதுகளில் கற்றதைவிட அதிகம். எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிட்ட பிறகும் அது இப்போது எவ்வளவு இருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போடும். அந்தக் கணக்கு கைகூடிவிட்டால் பாதி வித்தை கைவந்துவிட்டது.

ஒரு மோதலைக் கிட்டத்தில் காட்டுகிறேன். அல்டிஸின் மேற்குப் பகுதியில் நியோகோரி என்ற ஊர். வெளியே தோப்பு, தோப்பைச் சுற்றி இடுப்பளவு உயரக் கல்லடுக்குச் சுவர். எட்டுப் பேர் சாலையோரமாக ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். துப்பாக்கிகள் தாழ்ந்திருக்கின்றன, நடையில் அவசரமில்லை. கணினி வீரர்களுக்கு ஐந்து மனநிலைகளை வைத்திருக்கிறார்கள்: கவலையற்ற நிலை, பாதுகாப்பான நிலை, விழிப்பு, போர், மறைவு. வருகிறவர்கள் இரண்டாவது நிலையில் இருப்பது நடையைப் பார்த்தாலே தெரியும். எனக்கும் அவர்களுக்கும் முந்நூறு மீட்டர் இருக்கும். என் கையில் சைலன்ஸர் மாட்டிய 6.5 மில்லிமீட்டர் எம்எக்ஸ் ரைஃபிள். வரிசையின் கடைசி ஆளைக் குறிவைக்கிறேன். முன்னால் போகிறவர்கள் யாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அவன் விழுகிறான். அடுத்த நொடியில் நடப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு கணினி வீரனுக்குள்ளும் ஆபத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும் ஒரு சிறு நிரல் ஓடுகிறது. எதை எதை ஆபத்தாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் பத்துக் காரணங்கள் உண்டு. எதிரியைக் காண்பது, துப்பாக்கிச் சத்தம், தன் மேல் குண்டு படுவது, குண்டு காதோரம் சீறிப் போவது, வெடிப்பு, அலறல் என்று போகும் அந்தப் பட்டியலில், பிணத்தைக் காண்பதும் ஒன்று. அதிலும் தன் குழுவைச் சேர்ந்தவனின் உடல் வேறு, மற்றவன் உடல் வேறு என்று பிரித்திருக்கிறார்கள். அதை எழுதியவர் யாராயினும், அந்த இடத்தில் வெறும் நிரலுக்கு மேலாக ஏதோ ஒன்றை நினைத்திருக்கிறார்.

ஏழு பேரும் தரையோடு தரையாகிறார்கள். ஆபத்து என்று தெரிந்துவிட்டது. ஆள் எங்கே என்று தெரியவில்லை. எனக்கு இந்தச் சண்டையில் மிகப் பிடித்த இடைவெளி இது. குழுத் தலைவன் கிரேக்க மொழியில் கத்துவது காதில் விழுகிறது. அல்டிஸ் ராணுவத்தினர் கிரேக்கத்தில் பேசுவார்கள். விளையாட்டில் வரும் இன்னொரு எதிரிப் படையான சிசாட் வீரர்கள் பாரசீகத்தில் பேசுவார்கள். மொழி புரியாவிட்டாலும் குரல் வரும் திசை புரியும். என்னைத் தேடும் முயற்சியிலேயே அவர்கள் தங்கள் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறார்கள்.

இரண்டாவது குண்டு தவறினாலும் பரவாயில்லை. அது என் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்தே சுடுகிறேன். சுட்டவுடன் சுவரின் மறைவில் குனிந்து இடப்பக்கமாக நாற்பது ஐம்பதடி ஓடுகிறேன். நான் விட்டு வந்த மூலையில் கல் தெறிக்கிறது. தலைக்கு மேல் முதலில் 'சடக்' என்று சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம், அரை நொடி கழித்துத் துப்பாக்கியின் கனத்த சத்தம். ஒலியை விட வேகமாக வரும் குண்டு முதலில் கடந்து போகிறது. சுட்ட சத்தம் நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் பின்னால் வந்து சேர்கிறது. இரண்டுக்கும் நடுவில் அரை நொடி என்றால் சுடுபவன் ஏறத்தாழ முந்நூறு மீட்டரில் இருக்கிறான். ஆர்மா இந்த வேறுபாட்டை ஒழுங்காகச் செய்திருக்கிறது. காதாலேயே தூரத்தை அளக்கலாம்.

அவர்களில் பாதிப் பேர் நான் இருந்த மூலையை நோக்கிச் சுடுகிறார்கள், மீதிப் பேர் அந்த மூலையைச் சுற்றி வளைக்க ஓடுகிறார்கள். நல்ல சிப்பாய்கள் செய்ய வேண்டியதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் வளைப்பது நான் இருப்பதாக நம்பும் இடத்தை. நானோ இப்போது அவர்களுடைய பக்கவாட்டில் இருக்கிறேன். ஓடி வருகிறவர்களின் விலா என் ஸ்கோப்பில் திறந்து கிடக்கிறது. தலைவனைச் சுட்டதும் குழுவுக்குள் ஒரு தயக்கம் வருகிறது. அடுத்த நிலையில் இருப்பவன் தலைமை ஏற்கும்வரை சில நொடிகளுக்கு யாரும் புதிதாக எதையும் தீர்மானிப்பதில்லை. அந்த நொடிகளில் மேலும் இருவரைச் சுட ஆசை வரும். நான் சுடமாட்டேன். அந்த நேரத்தை மறுபடி இடம் மாறத்தான் செலவழிப்பேன். நின்ற இடத்திலிருந்து மூன்றாவது முறை சுட்டவன், எதிரி நம்பும் இடமும் தான் நிற்கும் இடமும் ஒன்றாகும்படி தானே செய்துகொள்கிறான்.

இந்த வித்தைக்கு மற்றொரு பாதி இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. எதிரியின் அறிவு மங்குவது போலவே என் அறிவும் மங்குகிறது. ஆறு பேர் மீதி என்று தெரியும். நாலு பேரைப் பார்த்தேன். மற்ற இருவர்? கடைசியாக அவர்களைக் கண்ட இடத்தில்தான் அவர்கள் இன்னும் இருப்பதாக நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன். எதிரிகளைக் காட்டும் குறிகளையும் திரையின் நடுவில் இருக்கும் குறிப்புள்ளியையும் அமைப்புகளில் போய் எடுத்துவிட்டால், இருவர் நிலையும் ஒன்றாகிவிடும். இருவருமே பழைய செய்தியை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் தேடுகிறோம். இதைச் செய்யாமல் ஆர்மா ஆடுபவர்கள் அந்த விளையாட்டின் சாரத்தை இழக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். எதிரிக்கு இல்லாத ஞானக்கண்ணை நமக்கு மட்டும் வைத்துக்கொண்டு அவனை முட்டாள் என்று சொல்வது நியாயமில்லை.

குறி தவறிய குண்டுக்கும் அங்கே மதிப்பு உண்டு. பக்கத்தில் குண்டுகள் சீறினால் கணினி வீரனின் குறி கெடும்; அதற்கென்று தனியாக ஓர் அளவு நிரலில் இருக்கிறது. ஆகவே, துணைக்கு ஒரு மெஷின்கன் ஆள் இருந்தால், அவன் யாரையும் கொல்ல வேண்டியதில்லை. நான் இடம் மாறும் இருபது நொடிகளுக்கு எதிரியின் தலையைத் தூக்கவிடாமல் செய்தால் போதும். ஆர்மாவில் நம் பக்கத்து வீரர்களையும் கணினிதான் இயக்குகிறது என்பதால், கட்டளையிடக் கற்றுக்கொள்வது ஒரு தனிப் படிப்பு. அதற்குள் இங்கே போகவில்லை.

எதிரியை அமைப்பது எதிரியோடு மோதுவதற்கு இணையான கலை என்பேன். இணையத்தில் எதிராளியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. இங்கே நம் எதிரியை நாமே வார்க்க வேண்டும். விளையாட்டின் பொது அமைப்பில் திறமை, துல்லியம் என்று இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. எடிட்டருக்குள் போய்ச் சிறு வரிகள் எழுதினால் இன்னும் நுணுக்கமாக, குறியின் துல்லியம், கை நடுக்கம், குறிவைக்கும் வேகம், எவ்வளவு தூரம் பார்ப்பான், எவ்வளவு நேரத்தில் அடையாளம் காண்பான், துணிச்சல், துப்பாக்கியில் மறுபடி தோட்டா நிரப்பும் வேகம், தலைமைப் பண்பு என்று ஒவ்வொன்றையும் சுழியத்திலிருந்து ஒன்றுவரை தனித்தனியாக மாற்றலாம். புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுகிறார்கள், அல்லது மொத்தமாக இறக்குகிறார்கள். மொத்தமாக ஏற்றினால் நானூறு மீட்டரில் முதல் குண்டிலேயே தலையில் அடிப்பான். அது கடினமான எதிரி ஆகலாம், நல்ல எதிரி ஆகாது. எதைக் கற்றுக்கொள்வதற்கும் அவன் நேரம் தருவதில்லை.

என் முறை இது. குறியின் துல்லியத்தைத் தாழ்வாக வைப்பேன். துணிச்சலையும் தலைமைப் பண்பையும் உச்சத்துக்கு அருகில் வைப்பேன். பார்வையை நடுவில் விடுவேன். அப்போது அவன் பத்துக் குண்டில் எட்டைத் தவறவிடுவான், ஆனால் ஓடமாட்டான். வளைக்க வருவான், விடாமல் வருவான். சண்டை இருபது நிமிடம் நீளும். அந்த இருபது நிமிடத்தில்தான் அவன் என்ன நினைக்கிறான் என்று பார்க்க முடியும். ஹேலோ விளையாட்டை உருவாக்கிய பங்கி நிறுவனத்தார் தங்கள் சோதனைகளில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள்: எதிரிகளின் மூளையைத் தொடாமல் உடல் வலுவை மட்டும் கூட்டினாலும், அவர்கள் முன்பைவிடப் புத்திசாலிகளாகிவிட்டதாக ஆடியவர்கள் சொன்னார்கள். இதற்கு எனக்குத் தோன்றும் காரணம் எளிது. சீக்கிரம் செத்துப்போகிறவனுக்குத் தன் புத்தியைக் காட்ட வாய்ப்பே இல்லை. எதிரிக்கு ஆயுள் கொடுக்க வேண்டும். உடலை இரும்பாக்கியும் கொடுக்கலாம், சண்டையை நீட்டியும் கொடுக்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

புத்திசாலி எதிரி என்ற பேச்சில் 2005இல் மோனோலித் நிறுவனம் வெளியிட்ட ஃபியர் விளையாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதன் எதிரிகளை வடிவமைத்த ஜெஃப் ஆர்கின், 1970களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் ரோபோ ஆய்வுக்காக உருவான ஸ்டிரிப்ஸ் என்ற திட்டமிடும் முறையை எடுத்துத் துப்பாக்கிச் சண்டைக்குப் பொருத்தினார். என்ன செய்ய வேண்டும் என்று வீரனுக்கு வரிசையாக எழுதிக் கொடுக்காமல், அவன் அடைய வேண்டிய இலக்கையும் அவனால் செய்யக்கூடிய செயல்களையும் கொடுத்துவிட்டு, வழியை அவனே கண்டுபிடிக்க விட்டார். அந்த எதிரிகள் மேசையைத் தள்ளி மறைவு செய்துகொண்டார்கள், ஜன்னல் வழியாகக் குதித்து வந்தார்கள். எனக்கு அதில் வியப்பூட்டியது அவர்கள் பேசுவதுதான். ஒருவன் செய்யப் போவதை இன்னொருவன் கத்திச் சொல்வான். உண்மையில் அவர்களுக்குள் நாம் நினைக்கும் அளவு கூட்டுத் திட்டம் இல்லை. தனித்தனியாக எடுத்த முடிவுகளைப் பேச்சு ஒன்றாகக் கோத்துவிடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் நம் மனசில் ஒரு படையே உருவாகிவிடுகிறது.

ஆர்மாவின் எதிரி அவ்வளவு அழகாக நடிக்கமாட்டான். அவனுடைய வானொலிக் குரல் சொல் சொல்லாக ஒட்டியது. இலக்கு, தூரம், திசை என்று தனித்தனியாகப் பதிந்த சொற்கள் வரிசையாக வந்து விழும். பலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. ஃபியரின் வீரனுக்கு ஒரு கூடம் போதும், சில நிமிடம் போதும். ஆர்மாவின் வீரன் ஒரு கிலோமீட்டர் திறந்த வெளியில், இரவிலும் பகலிலும் மழையிலும், யாரும் எழுதித் தராத நிலத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு அவனுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

அவனுக்குத் தெரியாதவையும் நிறைய. கட்டடத்துக்குள் நுழைந்தால் தடுமாறுவான். ஒவ்வொரு வீட்டிலும் எங்கெங்கே நிற்கலாம் என்று வீட்டை வடிவமைத்தவர் முன்கூட்டியே புள்ளிகள் வைத்திருக்கிறார்; அந்தப் புள்ளிகளுக்கு வெளியே வீட்டைப் பற்றி அவனுக்கு அதிகம் தெரியாது. வண்டி ஓட்டுவதில் இன்னும் மோசம். நாலு லாரிகளை வரிசையாக ஒரு பாலத்தைக் கடக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பது ஆர்மா ஆடும் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பலவீனங்களைப் பயன்படுத்தி ஜெயிப்பது மிகச் சுலபம். மாடிப்படியின் மேல் உட்கார்ந்துகொண்டு ஏறி வருகிறவர்களை ஒவ்வொருவராகச் சுட்டுக்கொண்டே இருக்கலாம். நான் அதைச் செய்வதில்லை. சண்டையை அவனுக்குத் தெரிந்த நிலத்தில், தோப்பிலும் மேட்டிலும் சுவரோரத்திலும்தான் வைத்துக்கொள்வேன். எதிராளிக்கு நடை வராத இடத்தில் அவனை நிறுத்தி வெல்வதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. அவனுக்கு இன்னும் கொஞ்சம் புத்தி வேண்டும் என்று நினைப்பவர்கள் லாம்ப்ஸ் டேஞ்சர் என்ற மாட், அதாவது விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆடுகிறவர்களே எழுதிய அந்த மாட், ஆபத்தைக் கவனிக்கும் நிரலை மாற்றி எழுதி, எதிரியின் எதிர்வினைகளைக் கூர்மையாக்குகிறது. ஊதியம் எதுவுமின்றி, எதிரியை மேம்படுத்துவதற்காகவே உழைக்கும் அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கல்லூரியில் படிக்கும் என் சித்தப்பா மகன் கைபேசியில் பிஜிஎம்ஐ என்ற இணையத் துப்பாக்கி விளையாட்டை ஆடுகிறவன். ஒருநாள் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "எல்லாம் பாட்தானேண்ணா? ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன?"

"உன் எதிராளி உன்ன மாதிரியே ஜெயிக்கத்தான்டா வர்றான். இவன் தன் ஊரைக் காவல் காக்க வர்றான். ரெண்டு பேரையும் ஒரே மாதிரி சமாளிக்க முடியாது," என்றேன்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வேறுபாடு உண்மையானது. இணையத்தில் எதிரே இருக்கும் ஆள் இது விளையாட்டு என்று தெரிந்தவர். செத்தால் மறுபடி பிறப்போம் என்று தெரிந்தே பாய்வார். அந்தக் களத்தில் உயிருக்கு விலை கிடையாது. அதனால் மறைவுக்கும் காத்திருப்புக்கும்கூட விலை குறைந்துவிடுகிறது. கணினி வீரன் ஒரு முறைதான் சாவான். துணிச்சல் குறைந்தால் அவன் ஓடுவதும் உண்டு. அப்படி ஓடுகிறவனை முதுகில் சுடுவதா, விடுவதா என்று நான் நின்று யோசித்திருக்கிறேன். இணைய ஆட்டத்தில் அந்தக் கேள்வி எனக்கு ஒருபோதும் வந்ததில்லை.

இது போன்ற கேள்விகளை ஆர்மா 3 விளையாட்டே ஒரு கட்டத்தில் வெளிப்படையாகக் கேட்டது. 2017இல் வந்த 'லாஸ் ஆஃப் வார்' என்ற கூடுதல் பகுதியை பொஹீமியா, செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவோடு சேர்ந்து உருவாக்கியது; அந்த ஆண்டு அதில் கிடைத்த நிகர வருவாயில் பாதியை அந்தக் குழுவுக்கே கொடுத்தது. அதில் நாம் சிப்பாயாக மட்டும் வருவதில்லை. போர் முடிந்த பிறகு ஓரியோகாஸ்ட்ரோ என்ற ஊரில் கண்ணிவெடிகளை அகற்றும் தொண்டு நிறுவன ஊழியராக வருகிறோம். இத்தனை காலம் எதிரிக்கு என்ன தெரியும் என்று கேட்டுப் பழகியவனுக்கு அங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. கண்ணிவெடிக்கு எதுவுமே தெரியாது. நாம் நிற்கிறோமா, படுத்திருக்கிறோமா, எந்தப் படை, போர் முடிந்ததா, வருவது குழந்தையா என்று எதையும் அது கணக்கிடுவதில்லை. மறைந்து ஏமாற்ற முடியாது, இடம் மாறி ஏமாற்ற முடியாது, சரணடையவும் முடியாது. அதுவரை நான் எதிர்கொண்டவர்கள் எல்லோரும், வெறும் நிரலாக இருந்தும், என்னைப் பார்த்த பிறகுதான் சுட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய கதைத் தொடரோடு ஆரம்பிக்க வேண்டாம். ஈடன் எடிட்டரைத் திறந்து, ஒரு சின்ன ஊரையும் ஒரு தோப்பையும் தேர்ந்தெடுங்கள். நாலு பேர் கொண்ட ஒரு குழுவை வைத்து, ஊரைச் சுற்றி வரும்படி வேபாயிண்ட் எனப்படும் வழிப்புள்ளிகள் நாலு போடுங்கள். கடைசியில் சைக்கிள் என்ற வகையை வைத்தால் அவர்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். மனநிலை, பாதுகாப்பான நிலை. குறித் துல்லியம் தாழ்வாக, துணிச்சல் உயரமாக. உங்களை முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு மேட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். உதவிக் குறிகள் அத்தனையையும் அணைத்துவிடுங்கள். முதல் சுற்று முழுவதும் சுடாமல் பாருங்கள்: யார் முன்னால் நடக்கிறான், எங்கே நின்று திரும்புகிறான், எந்த இடத்தில் நால்வரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் போகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்த பிறகு சுடுங்கள். சுட்டதும் அங்கே நிற்காதீர்கள்.